கேளாது வழங்கிய தீர்ப்பு

விசாரணையின்றி வழங்கப்படும் தீர்ப்பு எத்துணைக் கொடியது என்பதைத் தமிழ் மாணவர்க்கு எடுத்துரைக்க வேறு நூல் வேண்டுவதில்லை. சிலப்பதிகாரம் ஒன்றே போதும். பொற்கொல்லன் சொன்னான்; பாண்டியன் நம்பினான்; கோவலனை ஒருவரும் கேட்கவில்லை. கண்ணகியின் கையில் மற்றைச் சிலம்பு இருந்தமையால் உண்மை விரைவில் வெளிப்பட்டது. உலக வரலாற்றிலோ, மற்றைச் சிலம்பு கிடைப்பதற்குள் நூற்றாண்டுகள் பல கழிந்துவிட்ட வழக்குகளும் உண்டு. கி.பி. 431ஆம் ஆண்டில் எபேசு நகரில் கூடிய கிறித்துவச் சங்கம், கான்ஸ்டான்டிநோபிளின் ஆயராகிய நெஸ்தோரியஸ் என்பாரைப் பதிதர் எனத் தீர்த்துப் பதவி நீக்கிய வழக்கு அத்தகையது. தீர்ப்பு ஒரே நாளில் முடிந்தது. குற்றஞ்சாட்டப்பட்டவரின் விடை ஏறத்தாழ 1,450 ஆண்டுகளுக்குப் பின்னரே உலகின் கைக்கு வந்தது.

இன்றைய துருக்கி நாட்டில் நடந்த சமயப் பூசல் தமிழ் மாணவர் அறிய வேண்டிய செய்தியா எனச் சிலர் வினவலாம். அத்தீர்ப்பின் நிழல் மத்தியதரைக் கடலோடு நின்றுவிடவில்லை. பாரசீகம் கடந்து, மலையாளக் கரையிலும், சென்னைப் பரங்கிமலையிலும், ஈழத்து அனுராதபுரத்திலும் வாழ்ந்த மக்களோடு தொடர்புற்று, கடார நாட்டுக் கடல்வரை அது நீண்டது. தென்னிந்தியாவில் ஒரு மக்களினத்தின் நூல்கள் தீக்கிரையானதற்கும் அத்தீர்ப்பே காரணமாகக் காட்டப்பட்டது. ஆதலின், இவ்வழக்கு நம் வரலாற்றிலும் ஒரு பகுதியாகும்.

ஒரு சொல்லில் எழுந்த பூசல்

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், சுங்கை பாக்காப்பிற்கு வடக்கே சிறிது தொலைவில், புக்கிட் மெர்தாஜாம் நகரம் உள்ளது. அங்குள்ள புனித அன்னம்மாள் ஆலயத்தின் திருவிழா ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில் நிகழும்போது, நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் தமிழ்க் கத்தோலிக்கர் திரள்வர். அன்னம்மாளின் மகளாகிய மரியாளை அவர்கள் 'தேவமாதா' என்றும் 'தேவதாய்' என்றும் அழைத்து மன்றாடுகின்றனர். இயல்பாக நாவில் வரும் இச்சொல்லே ஐந்தாம் நூற்றாண்டில் ஒரு பேரரசை இரு கூறாக்கியது.

தேவதாய் என்பதற்கு ஈடான கிரேக்கச் சொல் 'தியோடோக்கோஸ்'. கடவுளைப் பெற்றவள் என்பது அதன் பொருள். எகிப்து நாட்டின் அலெக்சாந்திரியா நகரத்து அறிஞர்கள் இச்சொல்லை விரும்பினர். கிறிஸ்துவிடத்தில் இறைமையும் மனிதமும் பிரிக்கவொண்ணாதபடி ஒன்றாயின என்பதை அவர்கள் வற்புறுத்தினர். சிரியா நாட்டின் அந்தியோக்கியாப் பள்ளியினரோ, இறையியல்பு வேறு, மனித இயல்பு வேறு; இரண்டும் கலந்து மயங்கிவிடவில்லை என்பதை வற்புறுத்தினர். பசித்ததும் அழுததும் இறந்ததும் மனித இயல்பிற்குரியவை. அவற்றை இறைமைக்கு ஏற்றிக் கூறுவது பொருந்தாது என்பது அவர்தம் கருத்து. இருசாராரும் காக்க விரும்பிய உண்மை ஒன்றே எனலாம். ஆயினும், ஒருவர் ஒருமையைக் காக்க எழுந்தார். மற்றவர் வேறுபாட்டைக் காக்க எழுந்தார்.

நெஸ்தோரியஸ் அந்தியோக்கியாப் பள்ளியில் பயின்றவர். சிரியாவின் ஜெர்மானிசியா என்னும் ஊரில் பிறந்து, அந்தியோக்கியாவை அடுத்த மடமொன்றில் துறவியாக வாழ்ந்தார். நாவன்மை மிக்கவர். பேரரசர் இரண்டாம் தியோடோசியஸ் அவரை அழைத்து, 428ஆம் ஆண்டில் தலைநகரின் ஆயராக அமர்த்தினார். அங்கு மரியாளைத் தேவதாய் எனல் வேண்டும் என்பாரும், மனிதனின் தாய் எனல் வேண்டும் என்பாரும் பூசலிட்டுக் கொண்டிருந்தனர். இருசாரார்க்கும் பொதுவாக 'கிறிஸ்டோடோக்கோஸ்', அதாவது கிறிஸ்துவின் தாய், என்னும் சொல்லை நெஸ்தோரியஸ் முன்வைத்தார். நடுநிலையெனக் கருதி அவர் கூறிய சொல் நெருப்பாய்ப் பற்றியது. காலங்காலமாகப் பொதுமக்கள் பத்தியோடு வழங்கிய பெயரை ஆயரே மறுக்கிறார் என்று நகரம் கொதித்தது.

நெஸ்தோரியஸைக் குற்றமற்ற சான்றோராக மட்டும் காட்டுவது வரலாறாகாது. பதவியேற்ற சில நாள்களுக்குள்ளாகவே அவர், தம் கொள்கைக்கு மாறான ஆரியஸ் பிரிவினரின் வழிபாட்டிடத்தை ஒழிக்க முற்பட்டார். மனமுடைந்த அப்பிரிவினர் தாமே அதற்குத் தீயிட, அத்தீ அண்டை வீடுகளுக்கும் பரவியது. பதிதரை அடக்கும் கடுஞ்சட்டங்கள் அவர் காலத்தில் பிறந்தன. பிறரைப் பதிதர் எனத் துரத்தியவர் மூன்றே ஆண்டுகளில் தாமே பதிதராகத் துரத்தப்பட்டது வரலாற்றின் கசப்பான பாடமாகும்.

எபேசுச் சங்கம்

அலெக்சாந்திரியாவின் ஆயர் சிரில் ஆழ்ந்த புலமையும் அசையாத உறுதியும் கொண்டவர். அரசியல் சூழ்ச்சியிலும் வல்லவர். கான்ஸ்டான்டிநோபிளின் செல்வாக்கு உயர்வது அலெக்சாந்திரியாவுக்கு உவப்பாக இருந்ததில்லை. எனவே இப்பூசலில் கொள்கைப் பற்றும் நகரப் போட்டியும் பின்னிக் கிடந்தன. சிரில் உரோமைக்கு எழுதினார். போப்பாண்டவர் செலஸ்டின் 430ஆம் ஆண்டில் நெஸ்தோரியஸுக்கு எதிராக முடிவு செய்தார். அதன்பின் சிரில் பன்னிரண்டு சாபக் கூற்றுகளை எழுதியனுப்பி, நெஸ்தோரியஸ் அவற்றை ஏற்றுக் கையெழுத்திட வேண்டுமெனக் கேட்டார்.

பேரரசர் எபேசு நகரில் பொதுச்சங்கம் கூட்டினார். நெஸ்தோரியஸின் சார்பினரான அந்தியோக்கியா ஆயர் யோவானும் அவருடைய குழுவினரும் வழியில் தாமதித்தனர். அவர்கள் வருமுன்னரே, 431ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாளில், சிரில் சங்கத்தைத் தொடங்கினார். பேரரசரின் பிரதிநிதி ஆட்சேபித்தார், பயனில்லை. அனைவரும் வந்து சேரும்வரை வர இயலாது என நெஸ்தோரியஸ் மறுத்தார். குற்றஞ்சாட்டியவரே தலைமையேற்க, எதிர்தரப்பினர் வராத அவையில், அவருடைய கடிதமும் எழுத்துகளிலிருந்து எடுத்த பகுதிகளும் வாசிக்கப்பட்டன. அன்று மாலைக்குள் ஏறத்தாழ 200 ஆயர்கள் அவரைப் பதவி நீக்கினர். சில நாள்களில் வந்து சேர்ந்த யோவான் தனியே ஓர் அவை கூட்டிச் சிரிலைப் பதவி நீக்கினார். ஒரே ஊரில் இரண்டு சங்கங்கள். ஒன்றையொன்று சபித்த இரண்டு தீர்ப்புகள்!

பேரரசர் முதலில் இரு தீர்ப்புகளையும் ஏற்று, இருவரையும் காவலில் வைத்தார். பின்னர்க் காற்று திசை மாறியது. அரண்மனை அலுவலர்க்குச் சிரிலின் தரப்பினர் அனுப்பிய பொன், கம்பளங்கள், தந்த இருக்கைகள் ஆகியவற்றின் பட்டியல் ஒரு கடிதத்தில் இன்றும் எஞ்சியுள்ளது. சிரில் தம் நகரம் மீண்டார். நெஸ்தோரியஸோ தம் பழைய மடத்திற்கே திரும்ப விரும்பினார், அவ்விருப்பம் ஏற்கப்பட்டது. ஆயின் மடத்து வாழ்வும் நிலைக்கவில்லை. 433இல் சிரிலும் யோவானும் சமரசம் செய்துகொண்டனர். இரண்டு இயல்புகளின் கூடுகையைச் சிரில் ஏற்றார். நெஸ்தோரியஸின் பதவி நீக்கத்தை யோவான் ஏற்றார். கொள்கைகள் நெருங்கிவந்தன, மனிதர் ஒருவர் மட்டும் கைவிடப்பட்டார்.

435ஆம் ஆண்டில் நெஸ்தோரியஸின் நூல்களைத் தேடியெரிக்க அரசாணை பிறந்தது. அவர் எகிப்தின் பாலைவனச் சோலைக்கு நாடு கடத்தப்பட்டார். அங்குக் கொள்ளைக் கூட்டத்தாரிடம் சிறைப்பட்டு, மீண்டு, இடம்விட்டு இடம் அலைக்கழிக்கப்பட்டு, 451ஆம் ஆண்டை ஒட்டி இறந்தார். அவ்வாண்டில்தான் கால்செதோன் சங்கம் கூடிற்று. கிறிஸ்து ஒரே ஆள். அவரிடம் இரண்டு இயல்புகள் மயக்கமின்றியும் பிரிவின்றியும் உள்ளன என அது முடிவு செய்தது. இரண்டு இயல்புகளின் வேறுபாட்டிற்காக வாதாடியவரின் கொள்கையில் ஒரு பாதி ஏற்கப்பட்டது. ஆயினும் அவர் பெயர் அச்சங்கத்திலும் சபிக்கப்பட்டது.

அக்காலத்தவரான திருச்சபை வரலாற்றாசிரியர் சாக்ரட்டீஸ் என்பாரின் கருத்து குறிப்பிடத்தக்கது. அவர் நெஸ்தோரியஸின் நண்பரல்லர்; அவருடைய செருக்கையும் கல்விக் குறையையும் கண்டித்தவர். ஆயினும், நூல்களைத் தாமே படித்துப் பார்த்தபின், எதிரிகள் சாட்டிய பெருங்குற்றம் அவற்றில் இல்லை என்றும், பூச்சாண்டிக்கு அஞ்சும் குழந்தைபோல் அவர் ஒரு சொல்லுக்கு அஞ்சினார் என்றும் எழுதிவைத்தார். படித்துப் பார்த்தபின் கூறிய அந்தக் குரல் அன்றைய ஆரவாரத்தில் அமிழ்ந்து போயிற்று.

கீழ்த்திசைச் சபையும் ஒட்டிக்கொண்ட பெயரும்

உரோமப் பேரரசின் எல்லைக்கு அப்பால், பாரசீகப் பேரரசில், சுரியானி மொழியில் வழிபட்ட மற்றொரு திருச்சபை இருந்தது. எபேசுச் சங்கத்திற்கு முன்னரே, 410ஆம் ஆண்டில், அது தன் அமைப்பை வகுத்துக் கொண்டது. அந்தியோக்கியாப் பள்ளியின் பேராசானாகிய மோப்சுவெஸ்தியாத் தியோடரே அதன் இறையியலுக்கு ஆசான். நெஸ்தோரியஸ் அதை நிறுவியவருமல்லர், அதன் மொழி அறிந்து போதித்தவருமல்லர். 489ஆம் ஆண்டில் உரோமப் பேரரசர் சீனோ எதெஸ்ஸா நகரத்துப் பள்ளியை மூடியபோது, அதன் மரபு பாரசீக எல்லைக்குள் இருந்த நிசிபிஸ் நகரில் தழைத்தது. கைவிடப்பட்ட நெஸ்தோரியஸை இச்சபை தன் சான்றோருள் ஒருவராக மதித்தது. அதுவே போதுமானதாயிற்று. மேற்கத்தியர் அச்சபை முழுவதற்கும் 'நெஸ்தோரியர்' என்னும் பெயரைச் சூட்டினர்.

மொழிச்சிக்கலும் இங்கு உண்டு. இயல்பு என்பதற்குச் சுரியானியில் 'கியானா'. ஆள் என்பதற்குப் 'பர்சோபா'. இவ்விரண்டிற்கும் இடையில் 'குனோமா' என்றொரு சொல் உள்ளது. பொதுவான இயல்பு தனியொன்றில் நிலைபெற்றிருப்பதை அது குறிக்கும். கீழ்த்திசையார் கிறிஸ்துவிடம் இரண்டு குனோமாக்கள் எனப் பிற்காலத்தில் கூறியபோது, கிரேக்கர் அதனை இரண்டு ஆள்கள் என மொழிபெயர்த்துக் கொண்டு வெகுண்டனர். ஒரு மொழியின் நுண்சொல்லுக்கு மற்றொரு மொழியில் நேர்ச்சொல் இல்லாதபோது எழும் இடரைத் தமிழாசிரியர்க்கு விளக்க வேண்டியதில்லை. இறைவனைக் குறிக்கப் பராபரன், சருவேசுரன், தேவன், கடவுள் எனத் தமிழ்க் கிறித்துவரே காலந்தோறும் சபைதோறும் வெவ்வேறு சொற்களை ஆண்டுள்ளனர்.

இச்சபையின் வணிகரும் குருமாரும் கீழைக் கடல்களிலும் தரைவழிகளிலும் பரவினர். ஆறாம் நூற்றாண்டில் எழுதிய கோஸ்மாஸ் என்னும் பயணி, மலையாளக் கரையிலும் இலங்கைத் தீவிலும் கிறித்துவர் இருந்ததையும், பாரசீகத்திலிருந்து குருமார் நியமிக்கப்பட்டு வந்ததையும் குறித்துள்ளார். 1912இல் அனுராதபுரத்தில் கண்டெடுக்கப்பட்ட கற்சிலுவையும், 1547இல் போர்த்துக்கீசியர் பரங்கிமலையில் கண்டெடுத்த பாரசீக எழுத்துப் பொறித்த சிலுவையும் இத்தொடர்பின் சான்றுகளாகக் கருதப்படுகின்றன. சீன நாட்டில் சீயான் நகரத்துக் கல்வெட்டு 781ஆம் ஆண்டில் நாட்டப்பட்டது.

தமிழ் மாணவர் பெரிதும் உவக்கத்தக்க சான்று கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடுகளாகும். சேரமன்னன் தாணுரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டில், 849ஆம் ஆண்டளவில், வேணாட்டை ஆண்ட அய்யனடிகள் திருவடிகள், சபீர் ஈசோ எடுப்பித்த பள்ளிக்கு நிலமும் உரிமைகளும் வழங்கியதை அவை கூறுகின்றன. எழுத்து வட்டெழுத்து; மொழி தமிழும் மலையாளமும் பிரியாத காலத்து மொழி. சான்றாளர்களின் கையெழுத்துகளோ அரபு, பாரசீகப் பகலவி, எபிரேயம் ஆகிய எழுத்துகளில் உள்ளன. அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுக்கள் பள்ளியைக் காக்கும் பொறுப்பினை ஏற்றன. எபேசில் ஒருவரோடொருவர் இருக்க இயலாதென முடிவு செய்த காலத்திற்கு நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின், கொல்லத்தில் பல சமயத்தார் ஒரே ஆவணத்தில் ஒப்பமிட்டனர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

அதே மணிக்கிராமத்தாரின் பெயர், தென் தாய்லாந்தின் தக்குவாப்பாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டிலும் வருகின்றது. அவனிநாரணம் என்னும் குளம் அவர்களின் காவலில் விடப்பட்டதை அது கூறும். மணிக்கிராமத்தாரெல்லாம் கிறித்துவர் எனக் கொள்ளலாகாது. அவர்கள் பல நாட்டிலும் வணிகம் செய்த குழுவினர். ஆயினும் கொல்லத்தையும் மலாயாத் தீபகற்பத்தையும் இணைத்த கடல்வழி ஒன்றே என்பது இதனால் தெளிவாகும். ஏழாம் நூற்றாண்டின் நடுவில் கீழ்த்திசைச் சபையின் தலைவராயிருந்த மூன்றாம் ஈசோயாப், தம் கடிதமொன்றில், இந்திய நாட்டுச் சபையின் பரப்பு 'கலா' என்னும் இடம்வரை நீள்வதாகக் குறித்தார். அக்கலா கடாரக் கரையே என ஆய்வாளர் சிலர் கருதுவர். அக்கருத்து சரியாயின், நெஸ்தோரியஸைச் சான்றோராக மதித்த சபையின் பெயர் 1,300 ஆண்டுகளுக்கு முன்பே பூஜாங் பள்ளத்தாக்கின் துறைமுகங்களில் கேட்கப்பட்டிருக்கும்.

உதயம்பேரூரில் எரிந்த நூல்கள்

மலையாளக் கரையின் கிறித்துவர் தம்மைத் தோமா திருத்தூதரின் வழியினர் எனக் கொள்பவர். அவர்களுடைய ஆயர்கள் பாரசீகத்துத் திருச்சபையிலிருந்து வந்தனர். வழிபாடு சுரியானியில் நிகழ்ந்தது. நடையுடையும் பழக்கவழக்கமும் நாட்டு மக்களோடு ஒத்திருந்தன. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வந்தபோது இருசாராரும் முதலில் உடன்பிறந்தாராய்ப் பழகினர். ஆனால் வழிபாட்டு நூல்களில் நெஸ்தோரியஸ், தியோடர் முதலியோரின் பெயர்கள் சான்றோர் வரிசையில் இருப்பதைக் கண்டதும் ஐயம் பிறந்தது. கடைசியாக வந்த ஆயர்களுள் ஒருவராகிய மார் ஆபிரகாம் உரோமைப் போப்பாண்டவரின் ஏற்பைப் பெற்றவர். ஆயினும் ஐயத்தினின்று அவர் தப்பவில்லை. 1597இல் அவர் அங்கமாலியில் இறந்தார்.

1599ஆம் ஆண்டு ஜூன் 20 முதல் 26 வரை, கோவாவின் பேராயர் அலெய்ஷோ தெ மெனெசிஸ், கொச்சியை அடுத்த உதயம்பேரூரில் ஒரு சங்கம் கூட்டினார். 150க்கு மேற்பட்ட குருமாரும், 600க்கு மேற்பட்ட ஊர்ப் பெரியோரும் அதில் கலந்துகொண்டனர். தீர்மானங்கள் போர்த்துக்கீசிய மொழியில் முன்னரே எழுதப்பட்டிருந்தன. நெஸ்தோரியஸின் கொள்கையைச் சபித்தல், பாரசீகத் தலைவரோடு கொண்ட உறவை அறுத்தல், வழிபாட்டிலிருந்து அப்பெயர்களை நீக்கல் ஆகியன அவற்றுள் தலையாயவை. பெண்மக்களுக்குச் சொத்துரிமை போன்ற சமூகச் சீர்திருத்தங்களும் அவற்றுள் இருந்தன என்பதை நேர்மையாகக் கூறல் வேண்டும். ஆயினும் வரலாறு மறக்கவியலாத தீர்மானம் நூல்களைப் பற்றியதே. ஒரு நீண்ட பட்டியலில் நூற்பெயர்கள் தொகுக்கப்பட்டன. சுரியானி நூல்கள் அனைத்தையும் கொணர்ந்து ஒப்படைக்க வேண்டும்; திருத்தத்தக்கவை திருத்தப்படும்; ஏனையவை எரிக்கப்படும் என ஆணையிடப்பட்டது. பேராயர் ஊரூராய்ச் சென்றபோது அந்த ஆணை நிறைவேற்றப்பட்டது.

எரிந்தவை எத்தனை, அவற்றுள் என்னென்ன இருந்தன என்பதை இனி எவராலும் முழுதும் கூறவியலாது. இறையியல் மட்டுமன்றி, ஓர் இனத்தின் நினைவும் வரலாறும் அவற்றோடு சென்றிருத்தல் கூடும். 1301ஆம் ஆண்டில் கொடுங்கல்லூரில் படியெடுக்கப்பட்ட சுரியானிச் சுவடி ஒன்று வத்திக்கான் நூலகத்தை அடைந்தமையால் பிழைத்தது. அதனைப் பார்ப்போர்க்கு, பிழைக்காதவற்றின் நினைவும் உடனெழும். அச்சங்கம் முறைப்படி கூட்டப்பட்டதா என்பதும் ஐயத்திற்கிடமானதே. கத்தோலிக்கத் துறவியாகிய ஜோனாஸ் தளியத், 1958இல் வெளிவந்த தம் ஆய்வில், அது செல்லத்தக்க சங்கமன்று என நிறுவ முயன்றார்.

இங்கு ஒரு முரண் கருதத்தக்கது. உதயம்பேரூர்ச் சங்கத்திற்கு முன்பே நெஸ்தோரியப் பிழைகளைத் தொகுத்து எழுதியவர் பிரான்சிஸ்கோ ரோஸ் என்னும் இயேசு சபைத் துறவி. சுரியானியும் மலையாளமும் கற்றவர். மெனெசிஸுக்குப் பின் அப்பகுதியின் ஆயரானவரும் இவரே. இதே ரோஸ்தான், மதுரையில் தத்துவ போதகர் என்னும் பெயருடன் காவியுடுத்துத் தமிழ் மரபைத் தழுவிய இராபர்ட் தெ நொபிலியை அவருடைய எதிரிகளிடமிருந்து காத்து நின்றார். மதுரையில் புதியவர் ஒருவர் தழுவிய நாட்டு மரபைக் காத்த கை, மலையாளக் கரையின் பழைய மரபில் பிழை தேடியிருந்தது.

அடக்கப்பட்ட மனக்குறை அரைநூற்றாண்டில் வெடித்தது. கீழ்த்திசையிலிருந்து வந்த அகத்தல்லா என்னும் ஆயரைப் போர்த்துக்கீசியர் தடுத்து வைத்த செய்தி பரவ, 1653ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் நாள் மட்டாஞ்சேரியில் மக்கள் திரண்டு, இனி அவர்களின் ஆட்சிக்கு அடங்குவதில்லை எனச் சிலுவையின் முன் சூளுரைத்தனர். கூனன் சிலுவைச் சத்தியம் என அது வழங்கப்படும். ஒன்றாயிருந்த சமூகம் அதன்பின் பலவாய்ப் பிரிந்தது. உரோமையோடு நில்லாத பிரிவினர் 1665 முதல் அந்தியோக்கியாவின் சுரியானி மரபைப் படிப்படியாகத் தழுவினர். அம்மரபோ சிரிலைப் போற்றி நெஸ்தோரியஸைச் சபிப்பது! நெஸ்தோரியர் என ஒடுக்கப்பட்டவரின் வழியினர் நெஸ்தோரியஸை மறுப்பவராயினர். கீழ்த்திசைச் சபையின் மரபைத் தொடரும் ஒரு சிறு சமூகம் திருச்சூரில் இன்றும் உள்ளது. மலாயாத் தோட்டங்களுக்கு எழுத்தராகவும் மருத்துவ உதவியாளராகவும் வந்த மலையாளிகளுள் இப்பிரிவுகள் பலவற்றைச் சார்ந்தோர் இருந்தனர். அவர்தம் ஆலயங்கள் வெவ்வேறாய் நிற்பதன் காரணத்தைத் தேடுவோர் 1653க்கும், 1599க்கும், இறுதியில் 431க்கும் செல்ல நேரும்.

மற்றைச் சிலம்பு

உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராய்ச் சென்று ஏடு தேடி, 1887இல் சீவக சிந்தாமணியையும் 1898இல் மணிமேகலையையும் பதிப்பித்த காலத்தை ஒட்டியே, துருக்கியின் மலைப்பகுதியில் மற்றொரு சுவடி வெளிச்சத்திற்கு வந்தது. கொச்சானிஸ் என்னும் சிற்றூரில் கீழ்த்திசைச் சபைத் தலைவரின் நூலகத்தில் இருந்த பழஞ்சுவடி ஒன்றினைக் குரு ஒருவர் இரகசியமாகப் படியெடுத்தார். அது நெஸ்தோரியஸ் நாடு கடத்தப்பட்ட நிலையில் தம் கையால் எழுதிய விடையின் சுரியானி மொழிபெயர்ப்பு. தம் பெயரைக் கண்டால் எவரும் படியார் என்பதால், ஹெராக்கிளிடிஸ் என்னும் புனைபெயரில் அது இயற்றப்பட்டது என மொழிபெயர்ப்பாளர் குறித்துள்ளார். கிரேக்க மூலம் மறைந்துவிட்டது. படியெடுக்கப்பட்ட பழஞ்சுவடியும் முதலாம் உலகப் போரின் அழிவில் மறைந்தது. அந்தப் படிகளே எஞ்சின.

நூலின் பெயரிலேயே ஒரு மொழிபெயர்ப்பு விளையாட்டு உண்டு. மூலத்தில் ஆய்வுரை என்றும் வாணிகம் என்றும் இருபொருள் தரும் கிரேக்கச் சொல் இருந்திருக்கலாம் என்பர். சுரியானியார் அதனை வாணிகம் எனக் கொண்டனர். ஆங்கிலேயர் அதனைக் கடைத்தெரு ஆக்கி, 'ஹெராக்கிளிடிஸின் பஜார்' எனப் பெயரிட்டனர். செல்வத்தையும் சொற்பொருளையும் 'பொருள்' என்னும் ஒரே சொல்லால் குறிக்கும் தமிழர் இதனை எளிதில் உணர்வர். சுரியானி மூலம் 1910இலும் ஆங்கில மொழிபெயர்ப்பு 1925இலும் அச்சேறின. அச்சேறுமுன்னரே 1908இல் இதனைப் பயன்படுத்தி நூலெழுதிய ஆங்கில அறிஞர் பெத்தூன்-பேக்கர், நெஸ்தோரியஸ் நெஸ்தோரியக் கொள்கையினர் அல்லர் என்னும் முடிவிற்கு வந்தார்.

கிறிஸ்துவை இரண்டு ஆள்களாகப் பிரித்தார் என்பதே அவர்மீது சாட்டிய குற்றம். இந்நூலிலோ அவர் அதனைத் திரும்பத் திரும்ப மறுக்கின்றார். கால்செதோனுக்கு வழிகாட்டிய உரோமைப் போப்பாண்டவர் லியோவின் மடலைக் கேள்வியுற்று, தாம் கூறியதும் அதுவே என மகிழ்கின்றார். தம் பெயர் மீட்கப்படாவிடினும் உண்மை நிலைபெற்றால் போதும் என்னும் மனநிலையையும் அதில் காணலாம். ஆயினும் அறிஞர் அனைவரும் அவரை விடுவித்துவிடவில்லை. இரண்டு இயல்புகளும் எவ்வாறு ஒன்றாயின என்பதை அவர் விளக்கும் முறை வலுவற்றது என்பார் உளர். 1963இல் ஜெர்மானிய அறிஞர் லூயிசா அப்ரமோவ்ஸ்கி, நூலின் முற்பகுதி அவர் எழுதியதன்று எனக் காட்டினார். வழக்கு இன்னும் முழுமையாய் முடியவில்லை. ஆனால் இப்போது இருதரப்பும் பேசுகின்றன.

1994ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள், போப்பாண்டவர் இரண்டாம் அருள் சின்னப்பரும் கீழ்த்திசைச் சபையின் தலைவர் நான்காம் மார் தின்காவும் உரோமையில் ஒரு பொது அறிக்கையில் ஒப்பமிட்டனர். கிறிஸ்துவைப் பற்றிய நம்பிக்கையில் இருசபையும் ஒன்றே எனவும், முற்காலப் பிரிவுகளுக்குத் தவறான புரிதல்கள் பெரிதும் காரணமாயின எனவும் அது ஏற்றது. மரியாளைத் தேவதாய் என ஒருவர் அழைப்பதும் கிறிஸ்துவின் தாய் என மற்றவர் அழைப்பதும் ஒரே நம்பிக்கையின் முறையான வெளிப்பாடுகளே என அறிவித்தது. 1,563 ஆண்டுகளுக்கு முன் உலகைப் பிளந்த இரண்டு சொற்கள் ஒரே தாளில் அருகருகே அமர்ந்தன. இரண்டு ஆண்டுகளுக்குப் பின், சுரியானிப் பேரறிஞர் செபாஸ்டியன் பிராக், கீழ்த்திசைச் சபையை நெஸ்தோரியச் சபை என்பது வருந்தத்தக்க தவறான பெயர் என எழுதினார்.

தமிழாசிரியர்க்கு ஒரு செய்தி

நெஸ்தோரியஸின் கருத்துகளை உலகம் நெடுங்காலம் அவருடைய எதிரிகளின் மேற்கோள்கள் வழியாகவே பெரிதும் அறிந்திருந்தது. இத்தகைய நிலை தமிழுக்கும் புதியதன்று. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய குண்டலகேசி இன்று முழுமையாக இல்லை. அதனை மறுக்க எழுந்த நீலகேசியே கிடைத்துள்ளது. குண்டலகேசியின் பாடல்கள் சில, நீலகேசிக்குச் சமய திவாகர வாமன முனிவர் வரைந்த உரையின் வாயிலாகவும் தொகைநூலின் வாயிலாகவும் எஞ்சின. பௌத்தக் குண்டலகேசி வாதில் தோற்றதை வென்றவர் நூலில் படிக்கின்றோம். அவள் வென்ற கதையைப் படிக்க நூல் இல்லை. ஆயினும் வாமன முனிவர் மாற்றார் பாடலை எடுத்துக் காட்டி மறுத்தார், அழித்து மறுக்கவில்லை. மறுப்பவரின் நேர்மையே மறுக்கப்பட்டதன் எச்சத்தைக் காத்தது. எபேசிலும் உதயம்பேரூரிலும் வாய்க்காத பண்பு அது.

யார் வாயிலாகக் கேட்பினும் கேட்ட பொருளின் உண்மையை ஆராய்ந்து காண்பதே அறிவு என்பது வள்ளுவர் நெறி. வகுப்பறையில் ஒரு புலவரையோ ஒரு சமயத்தையோ ஓர் இனத்தையோ ஒரு பெயரால் சுட்டி ஒதுக்கும் வழக்கம் எழும்போதெல்லாம், அந்தப் பெயரைச் சூட்டியவர் யார், சூட்டப்பட்டவரின் சொந்தச் சொற்கள் எங்கே என்னும் இரண்டு வினாக்களை மாணவர் எழுப்பப் பழகல் வேண்டும். அவ்வினாக்களை எழுப்ப மூலநூல் கையில் இருத்தல் வேண்டும். சபைகள் பிரிந்தாலும் பின்னொரு நாள் கூடிப் பேசலாம். 1994 அதனைக் காட்டிற்று. எரிந்த ஏடு மீள்வதில்லை.

புக்கிட் மெர்தாஜாமின் அந்த ஆலய வளாகத்திலேயே, செரோக் தோக்குன் எனப்படும் பெரும்பாறை ஒன்று பழைய எழுத்துப் பொறிப்புடன் கிடக்கின்றது. பல்லவர் எழுத்தைச் சார்ந்த அப்பொறிப்பினை ஐந்தாம் அல்லது ஆறாம் நூற்றாண்டினது எனக் கருதுவர். நெஸ்தோரியஸ் பாலைவனத்தில் தம் விடையை எழுதிய காலத்தை ஒட்டி, எவரோ ஒருவர் அப்பாறையில் தம் நம்பிக்கையைப் பொறித்துச் சென்றார். வேறு சமயத்தின் சொல்லாயினும், ஆலயத்தார் அக்கல்லை அகற்றவில்லை. திருவிழாவிற்கு வருவோர் தேவமாதாவை வாழ்த்திப் பாடும் ஒலி, அழியாது காக்கப்பட்ட அந்தப் பழைய எழுத்தின்மீதும் ஆண்டுதோறும் தவழ்ந்து செல்கின்றது.